கண்டறிதலும் காப்பாற்றுதலும்: புரோஸ்டேட் புற்றுநோய் ஸ்கிரீனிங் குறித்த முப்பதாண்டுச் சான்றுகள்

புரோஸ்டேட் ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சூழ்ந்தபடி அமைந்திருக்கும் இது விந்து நீர்மத்தின் ஒரு பகுதியைச் சுரக்கிறது. இதில் தோன்றும் புற்றுநோயின் போக்கு ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபடும். சிலரிடம் அது எலும்புகளுக்குப் பரவி உயிரைப் பறிக்கிறது. வேறு பலரிடம் பல்லாண்டுகள் வளர்ச்சியின்றிக் கிடந்து, அவர்கள் முதுமையிலோ மாரடைப்பிலோ இறக்கும்வரை எந்தத் தொல்லையும் தருவதில்லை. வேறு காரணங்களால் இறந்தவர்களின் உடற்கூறாய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியான பகுப்பாய்வு ஒன்று, 30 வயதுக்குக் குறைந்தவர்களில் 5 விழுக்காட்டினரிடமும் 79 வயதைக் கடந்தவர்களில் 59 விழுக்காட்டினரிடமும் இப்புற்றுநோய் இருந்திருக்கும் என மதிப்பிட்டது.

அறிகுறி எதுவும் இல்லாதவர்களை அழைத்து நோயைத் தேடுவதை மருத்துவத்தில் ஸ்கிரீனிங் என்பர். புரோஸ்டேட் புற்றுநோய்க்கு ஸ்கிரீனிங் செய்தால் உயிர்கள் காக்கப்படுகின்றனவா, அதற்குச் செலுத்தப்படும் விலை என்ன என்பது சிறுநீரியலில் முப்பதாண்டுகளுக்கும் மேலாகத் தொடரும் விவாதம். இக்கேள்விக்குச் சேர்ந்திருக்கும் முதன்மைச் சான்றுகளை எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம். சோதனை நல்லதா கெட்டதா என்று கேட்பதைவிட, சோதனையைத் தொடர்ந்து என்ன செய்யப்படுகிறது என்று கேட்பதே பயனுள்ளது என்ற முடிவுக்கு அச்சான்றுகள் இட்டுச்செல்கின்றன.

1. பி.எஸ்.ஏ.: குறியீடும் அதன் குறைகளும்

பி.எஸ்.ஏ. என்பது புரோஸ்டேட் செல்கள் சுரக்கும் ஒரு புரத நொதி. விந்து நீர்மத்தை இளக்குவது அதன் இயல்பான வேலை. அதில் சிறிதளவு இரத்தத்தில் கசியும். புற்றுநோய் வந்தால் கசிவு கூடும். ஆனால் வயதினால் சுரப்பி வீங்கினாலும், அதில் அழற்சி ஏற்பட்டாலும் கூடும். ஆகவே பி.எஸ்.ஏ. சுரப்பியின் நிலையைக் காட்டும் குறியீடே தவிர, புற்றுநோய்க்கென்றே உரிய குறியீடு அன்று.

அமெரிக்காவின் பஃபலோ நகரிலுள்ள ராஸ்வெல் பார்க் ஆய்வகத்தில் 1979இல் இப்புரதம் புரோஸ்டேட் திசுவிலிருந்து தூய்மையாகப் பிரித்தெடுக்கப்பட்டது. புற்றுநோய் உறுதியானவர்களைப் பின்தொடர்வதற்கு மட்டும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1986இல் இச்சோதனைக்கு ஒப்புதல் அளித்தது. நோயைக் கண்டறிய உதவும் சோதனை என்ற ஒப்புதல் 1994இல்தான் வந்தது. அதற்குள் அந்நாட்டு மருத்துவர்கள் அதை ஸ்கிரீனிங்குக்குப் பரவலாகப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டனர். 1992இல் அங்கு புதிதாகக் கண்டறியப்பட்ட புரோஸ்டேட் புற்றுநோய்களின் விகிதம் உச்சத்தைத் தொட்டது. பயன் உண்டா என்று ஆய்ந்தபின் நடைமுறை வரவில்லை. நடைமுறை வந்தபின்தான் ஆய்வுகள் தொடங்கின. பிற்காலக் குழப்பங்கள் பலவற்றுக்கு இந்த முறைமாற்றமே வேர்.

மில்லிலிட்டருக்கு 4 நானோகிராம் என்பது நெடுங்காலம் எல்லைக்கோடாகக் கொள்ளப்பட்டது. 2004இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, எல்லைக்கோட்டுக்குள் இருந்த 2,950 ஆண்களின் பயாப்ஸி (திசு ஆய்வு) முடிவுகளை வெளியிட்டது. அவர்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினருக்குப் புற்றுநோய் இருந்தது. மறுபுறம், பின்னர் விவரிக்கப்படும் ஐரோப்பிய ஆய்வில் பி.எஸ்.ஏ. கூடுதலாக இருந்ததால் பயாப்ஸி செய்யப்பட்டவர்களில் நான்கில் மூவருக்குப் புற்றுநோய் இல்லை. இன்ன அளவுக்குக் கீழே நோயில்லை, மேலே நோயுண்டு என்று பிரிக்கும் கோடு எதுவும் இல்லை என்பதை இரு தரவுகளும் காட்டுகின்றன.

2. ஆயுள் நீண்டதாகத் தோன்றும் மயக்கம்

ஸ்கிரீனிங்கில் கண்டறியப்பட்டவர்கள், அறிகுறியோடு வந்தவர்களைவிட நெடுநாள் வாழ்கிறார்கள் என்ற கணக்கு மட்டும் எதையும் நிறுவாது. ஒருவருக்கு 72 வயதில் எலும்பு வலியால் நோய் தெரியவந்து 75இல் இறப்பு நேர்கிறது என்று கொள்ளலாம். அவருக்கே 65 வயதில் பி.எஸ்.ஏ. மூலம் நோய் தெரிந்து, சிகிச்சை எந்த மாற்றத்தையும் செய்யாமல் 75இலேயே இறந்தாலும், நோய் தெரிந்தபின் வாழ்ந்த காலம் மூன்றாண்டிலிருந்து பத்தாண்டாக உயர்ந்துவிடும். நீண்டது அவர் ஆயுளன்று; நோயாளியாக அவர் வாழ்ந்த காலம்.

இரண்டாவது மயக்கம் மிகைக் கண்டறிதல். ஆயுள் முழுவதும் தொல்லை தராதிருந்திருக்கக்கூடிய புற்றுநோய்கள் கணக்கில் சேரும்போது, குணமானவர்களின் விகிதம் தானாக உயரும். குணமானவர்களில் பலருக்குக் குணமாக்க வேண்டிய தேவையே இருந்திராது. எனவே ஆண்களைச் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவை மட்டும் ஸ்கிரீனிங்குக்கு அழைத்து, இரண்டிலும் புரோஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்களை எண்ணிப் பார்ப்பதே நம்பத்தக்க வழி.

3. இரு பெரும் ஆய்வுகள், இரு வேறு முடிவுகள்

அத்தகைய இரு பெரும் ஆய்வுகளின் முதல் முடிவுகள் 2009 மார்ச்சில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒருசேர வெளியாயின. அமெரிக்காவின் பி.எல்.சி.ஓ. ஆய்வில் 76,000க்கும் மேற்பட்ட ஆண்கள் சேர்க்கப்பட்டிருந்தனர். ஆண்டுதோறும் சோதிக்கப்பட்ட குழுவுக்கும் ஒப்பீட்டுக் குழுவுக்கும் இறப்பில் வேறுபாடு காணப்படவில்லை. ஈ.ஆர்.எஸ்.பி.சி. எனப்படும் ஐரோப்பிய ஆய்வின் மையக் குழுவில் 55 முதல் 69 வயதுள்ள 1,62,000 ஆண்கள் இருந்தனர். அங்கு புரோஸ்டேட் புற்றுநோய் இறப்பு 20 விழுக்காடு குறைந்தது. ஆனால் ஓர் இறப்பைத் தவிர்க்க 1,410 பேரை அழைக்க வேண்டியிருந்தது. கூடுதலாக 48 பேருக்கு நோயைக் கண்டறிந்து சிகிச்சை தர வேண்டியிருந்தது.

இம்முரண்பாட்டுக்கு விளக்கம் பெரும்பாலும் பி.எல்.சி.ஓ.வின் ஒப்பீட்டுக் குழுவில் கிடைத்தது. அமெரிக்காவில் பி.எஸ்.ஏ. சோதனை ஏற்கெனவே வழக்கமாகிவிட்டதால், சோதிக்கப்படாமல் இருக்க வேண்டிய அக்குழுவிலும் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் ஆய்வுக்கு முன்போ ஆய்வின்போதோ சோதனை செய்துகொண்டிருந்தனர் என்று 2016இல் வெளியான மறுபகுப்பாய்வு காட்டியது. திட்டமிட்ட சோதனையையும் திட்டமிடாத சோதனையையும்தான் அந்த ஆய்வு ஒப்பிட்டிருந்தது. இரு ஆய்வுகளிலும் சோதனை எவ்வளவு தீவிரமாக நடந்தது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு 2017இல் செய்யப்பட்ட கணித மாதிரி, சோதனையே இல்லாத நிலையோடு ஒப்பிட்டால் இறப்பு 25 முதல் 32 விழுக்காடு குறையும் என்று மதிப்பிட்டது. மாதிரிகள் அனுமானங்களைச் சார்ந்தவை; நேரடிச் சான்றுக்கு அவை ஈடாகா. ஆயினும், பி.எல்.சி.ஓ. ஸ்கிரீனிங்கின் பயனின்மையை நிறுவியது என்ற வாதம் அதன்பின் வலுவிழந்தது.

இதற்கிடையே 2012இல் அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு எல்லா வயது ஆண்களுக்கும் பி.எஸ்.ஏ. ஸ்கிரீனிங் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. 2018இல் அதைத் தளர்த்தி, 55 முதல் 69 வயதினர் மருத்துவரோடு கலந்து முடிவெடுக்கலாம் என்றும், 70 வயதுக்கு மேல் வேண்டாம் என்றும் திருத்தியது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்நாட்டில் சோதனைகள் குறைந்தன. முற்றிய நிலையில் கண்டறியப்படும் நோய் கூடியது. இரண்டும் அடுத்தடுத்து நேர்ந்ததாலேயே ஒன்று மற்றதன் விளைவு என்று நிறுவிவிட முடியாது. எனினும் திசையைக் கருதாமல் விடுவதும் கடினம்.

4. காலம் மாற்றிய கணக்கு

ஐரோப்பிய ஆய்வின் தனிச்சிறப்பு அதன் நீண்ட பின்தொடர்தல். 16 ஆண்டுகளில், ஓர் இறப்பைத் தவிர்க்க அழைக்க வேண்டியவர்கள் 570 ஆகவும், கூடுதலாகக் கண்டறியப்படுபவர்கள் 18 ஆகவும் குறைந்தனர். 2025இல் வெளியான 23 ஆண்டுக் கணக்கில் அவை முறையே 456, 12 என்று இறங்கின. அதே வேளையில் ஒப்பீட்டு விகிதத்தில் பயன் 20இலிருந்து 13 விழுக்காடாகத் தணிந்தது. புரோஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் ஸ்கிரீனிங் குழுவில் 1.4 விழுக்காடு, ஒப்பீட்டுக் குழுவில் 1.6 விழுக்காடு.

பயன் கூடியதாகவும் குறைந்ததாகவும் ஒரே தரவு காட்டுவது முரணன்று. இந்நோய் மெதுவாகக் கொல்வது. ஆகவே தவிர்க்கப்பட்ட இறப்புகளின் எண்ணிக்கை வெளிப்படப் பத்து, இருபது ஆண்டுகள் ஆகின்றன. ஒப்பீட்டு விகிதம் தணிந்ததற்குப் பிற்காலத்தில் ஒப்பீட்டுக் குழுவினரும் சோதித்துக்கொண்டதும், வயது வரம்பைத் தாண்டியவர்களுக்கு ஸ்கிரீனிங் நின்றுபோனதும் காரணமாக இருக்கலாம். நடைமுறைக்குப் பயன்படும் முடிவு இதுதான்: இன்னும் பதினைந்து ஆண்டுகளாவது வாழ வாய்ப்புள்ளவருக்கே ஸ்கிரீனிங்கால் பயன் கிடைக்கும், தீங்கோ உடனே தொடங்கிவிடும். வேறு காரணங்களையும் சேர்த்த மொத்த இறப்பு விகிதத்தில் இரு குழுக்களுக்கும் பெரிய வேறுபாடில்லை என்பதும் உடன் சொல்லத்தக்கது.

ஒரே ஒரு சோதனை போதுமா என்ற கேள்விக்குப் பிரிட்டனின் கேப் ஆய்வு விடை தேடியது. 50 முதல் 69 வயதுள்ள நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் அதில் அடங்குவர். ஒருமுறை மட்டும் பி.எஸ்.ஏ. சோதனைக்கு அழைக்கப்பட்ட குழுவில் 15 ஆண்டுகளில் 0.69 விழுக்காட்டினரும், அழைக்கப்படாத குழுவில் 0.78 விழுக்காட்டினரும் இந்நோயால் இறந்தனர். அழைக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 36 விழுக்காட்டினரே சோதனை செய்துகொண்டதால் உண்மைப் பயன் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். ஆனாலும் ஒருமுறைச் சோதனையின் பயன் மிகச் சிறிது என்ற முடிவு மாறாது.

5. கண்டறிந்தபின் என்ன செய்வது?

ஸ்கிரீனிங்கின் தீங்கு ஊசி முனையில் எடுக்கும் இரத்தத்தில் இல்லை. அதைத் தொடரும் செயல்களில் இருக்கிறது. எண் கூடியது, பயாப்ஸி செய்யப்பட்டது, புற்றுநோய் தெரிந்தது, சுரப்பி அகற்றப்பட்டது என்ற தொடர் 1990களில் கிட்டத்தட்டத் தானியங்கியாக நடந்தது. அத்தொடரின் கடைசிக் கண்ணியை நேரடியாகச் சோதித்தது பிரிட்டனின் ப்ரொடெக்ட் ஆய்வு. 1999 முதல் 2009 வரை 82,429 ஆண்களுக்கு பி.எஸ்.ஏ. சோதனை செய்யப்பட்டது. சுரப்பிக்குள் அடங்கிய புற்றுநோய் கண்டறியப்பட்டவர்களில் 1,643 பேர் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என்ற மூன்றில் ஒன்றுக்குச் சமவாய்ப்பு முறையில் ஒதுக்கப்பட்டனர்.

பதினைந்து ஆண்டு முடிவுகள் 2023இல் வெளியாயின. புரோஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் மொத்தம் 45 பேர், அதாவது 2.7 விழுக்காடு. கண்காணிப்பில் 3.1, அறுவையில் 2.2, கதிர்வீச்சில் 2.9 என்ற வேறுபாடு புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்கதன்று. எல்லாக் காரணங்களாலும் இறந்தவர்கள் 356 பேர். இறந்தவர்களில் பெரும்பாலோர் வேறு காரணங்களாலேயே இறந்தனர் என்பது இதன் பொருள்.

பக்கவிளைவுகளில் வேறுபாடு தெளிவாக இருந்தது. 7 முதல் 12 ஆண்டுகள் வரையிலான காலத்தில் சிறுநீர்க் கசிவுக்காக உறிஞ்சுபட்டை அணிய நேர்ந்தவர்கள் அறுவைக் குழுவில் 18 முதல் 24 விழுக்காடு. கண்காணிப்பில் 9 முதல் 11. கதிர்வீச்சில் 3 முதல் 8. ஏழாம் ஆண்டில் உடலுறவுக்குப் போதுமான விறைப்பு இருந்தவர்கள் அறுவைக் குழுவில் 18 விழுக்காடு, கண்காணிப்பில் 30, கதிர்வீச்சில் 27.

இம்முடிவுகளை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். கண்காணிப்பில் இருந்தவர்களில் 9.4 விழுக்காட்டினருக்கு நோய் பிற உறுப்புகளுக்குப் பரவியது. சிகிச்சைக் குழுக்களில் அது ஏறத்தாழ 5 விழுக்காடு. இந்த இருமடங்கு வேறுபாடு பதினைந்து ஆண்டுகளில் இறப்பாக மாறவில்லை. இருபதாம், இருபத்தைந்தாம் ஆண்டுகளில் மாறாது என்ற உறுதி இல்லை. மேலும், அங்கு நடந்த கண்காணிப்பு பெரும்பாலும் பி.எஸ்.ஏ. எண்ணை மட்டும் நம்பியது. இன்று செய்வதுபோல எம்.ஆர்.ஐ.யும் மறுபயாப்ஸியும் அதில் இல்லை. கண்காணிப்புக் குழுவில் 61 விழுக்காட்டினர் பின்னர் அறுவையோ கதிர்வீச்சோ பெற்றனர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஸ்கிரீனிங் பரவலாவதற்கு முன், பெரும்பாலும் அறிகுறியோடு வந்தவர்களிடம் நடந்த ஸ்காண்டிநேவிய ஆய்வில் அறுவைச் சிகிச்சை சராசரியாக 2.9 ஆண்டு ஆயுளைக் கூட்டியது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வேறுபாட்டின் காரணம் புலப்படும். அறிகுறியால் வெளிப்பட்ட நோயும் சோதனையால் தேடிப் பிடித்த நோயும் ஒரே பெயரைக் கொண்டவை. அவற்றின் வீரியம் ஒன்றல்ல.

தீவிரம் குறைந்த புற்றுநோயை உடனே அகற்றாமல், ஒழுங்காகக் கண்காணித்து, வளர்ந்தால் மட்டும் சிகிச்சை தரும் முறையை டொராண்டோவின் லாரன்ஸ் க்ளாட்ஸ் 1990களிலிருந்து வளர்த்தெடுத்தார். அவர் குழு பின்தொடர்ந்த 993 பேரில், 2015இல் வெளியான கணக்கின்படி, இந்நோயால் இறந்தவர்கள் 15 பேர். முதலில் ஐயத்தோடு பார்க்கப்பட்ட இம்முறை இன்று வழிகாட்டு நெறிகளின் முதல் பரிந்துரை. அமெரிக்காவின் தேசியச் சிறுநீரியல் பதிவேட்டில், தீவிரம் குறைந்த நோயுள்ளவர்களில் கண்காணிப்பைத் தேர்ந்தவர்கள் 2014இல் 26.5 விழுக்காடு, 2021இல் 59.6 விழுக்காடு. முன்னேற்றம் உண்மை; மருத்துவருக்கு மருத்துவர் உள்ள வேறுபாடும் பெரிது.

6. பயாப்ஸிக்கு முன் எம்.ஆர்.ஐ.

தொடரின் நடுக்கண்ணியான பயாப்ஸி நெடுங்காலம் குருட்டுத்தனமாகவே நடந்தது. மலக்குடல் வழியே அல்ட்ராசவுண்ட் கருவியைச் செலுத்தி, சுரப்பியின் வரையறுத்த பத்துப் பன்னிரண்டு இடங்களில் ஊசி குத்தித் திசு எடுப்பர். ஊசி கட்டியைத் தவறவிடலாம். தீங்கற்ற சிறு கட்டியில் தற்செயலாகப் பாயவும் செய்யலாம்.

பிரிட்டனில் 576 ஆண்களிடம் நடந்த ப்ராமிஸ் ஆய்வு 2017இல் இக்குறையை அளந்து காட்டியது. சிகிச்சை தேவைப்படும் தீவிரப் புற்றுநோயை வழக்கமான பயாப்ஸி 48 விழுக்காட்டிலும், எம்.ஆர்.ஐ. 93 விழுக்காட்டிலும் இனங்கண்டன. ஆனால் எம்.ஆர்.ஐ. ஐயத்துக்குரியது என்று சொன்னவையெல்லாம் புற்றுநோயாக இல்லை. தீவிர நோய் இல்லாதவர்களில் 41 விழுக்காட்டினரை மட்டுமே அது சரியாக இனங்கண்டது. எனவே எம்.ஆர்.ஐ. பயாப்ஸிக்கு மாற்று அன்று. யாருக்குப் பயாப்ஸி வேண்டும், எங்கே குத்த வேண்டும் என்பதைச் சொல்லும் வழிகாட்டி.

அடுத்த ஆண்டு வெளியான பிரிசிஷன் ஆய்வு 500 ஆண்களைக் கொண்டு இதை நடைமுறையில் சோதித்தது. எம்.ஆர்.ஐ. குழுவில் 28 விழுக்காட்டினர் பயாப்ஸியே இல்லாமல் தப்பினர். தீவிர நோய் கண்டறியப்பட்டவர்கள் அக்குழுவில் 38 விழுக்காடு, வழக்கமான பயாப்ஸிக் குழுவில் 26. தீவிரமற்ற நோய் கண்டறியப்பட்டவர்கள் முறையே 9, 22 விழுக்காடு. வேண்டியது கூடுதலாகவும் வேண்டாதது குறைவாகவும் கிடைத்தது.

இவை மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர்களிடம் நடந்தவை. பொதுமக்களை அழைத்து நடத்தும் ஸ்கிரீனிங்கில் இது பொருந்துமா என்று ஸ்வீடனின் கோதன்பர்க்-2 ஆய்வு பார்த்தது. எம்.ஆர்.ஐ. காட்டிய இடத்தில் மட்டும் பயாப்ஸி செய்தபோது, தீவிரமற்ற நோயின் கண்டறிதல் 1.2 விழுக்காட்டிலிருந்து 0.6 ஆக, அதாவது பாதியாகக் குறைந்தது. தவறவிடப்பட்ட தீவிர நோய் பின்னர் வெளிப்படுமோ என்ற அச்சத்துக்கு, 2024இல் வெளியான தொடர்முடிவு ஓரளவு ஆறுதல் தந்தது: ஏறத்தாழ நான்காண்டுகளில் அத்தகைய நோய் எம்.ஆர்.ஐ. குழுவில் கூடுதலாகக் காணப்படவில்லை.

எம்.ஆர்.ஐ.க்கும் வரம்புகள் உண்டு. படத்தின் தரமும் படிப்பவரின் பயிற்சியும் முடிவை மாற்றும். செலவும் நேரமும் பெரிது. 2025இல் வெளியான பிரைம் ஆய்வு, நரம்பில் ஏற்றும் மருந்தின்றி எடுக்கும் சுருக்கமான எம்.ஆர்.ஐ. 29.2 விழுக்காட்டினரிடமும், முழுமையான எம்.ஆர்.ஐ. 29.6 விழுக்காட்டினரிடமும் தீவிர நோயைக் கண்டறிந்ததாகக் காட்டியது. படத்தின் தரம் சரியாக இருந்தால் சுருக்கமான முறையே போதும் என்பதால், எம்.ஆர்.ஐ. கருவிகள் குறைந்த நாடுகளுக்கு இது பயன்தரும்.

7. யாரைச் சோதிப்பது?

எல்லோரையும் ஒரே இடைவெளியில் சோதிப்பதற்கு மாற்றாக, ஆபத்தைப் பொறுத்துப் பிரிக்கும் முயற்சிகள் நடக்கின்றன. ஸ்வீடனின் மால்மோ நகர ஆண்களின் சேமித்த இரத்தத்தை ஆய்ந்த குழு, 60 வயதில் பி.எஸ்.ஏ. 1 நானோகிராம் அல்லது அதற்குக் குறைவாக இருந்தவர்கள் 85 வயதுக்குள் இந்நோயால் இறக்கும் வாய்ப்பு 0.2 விழுக்காடு மட்டுமே என்று 2010இல் கணக்கிட்டது. அத்தகையவர்களை மீண்டும் மீண்டும் சோதிப்பதில் பொருளில்லை. மறுமுனையில், பி.ஆர்.சி.ஏ.2 மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு நோய் இளவயதிலும் தீவிரமாகவும் வருகிறது.

130 மரபணு வேறுபாடுகளைக் கூட்டிக் கணக்கிட்ட ஆபத்து மதிப்பெண்ணைப் பயன்படுத்திய பார்கோட்-1 ஆய்வின் முடிவுகள் 2025இல் வெளியாயின. அதிக ஆபத்துள்ள பத்தில் ஒரு பங்கினரில் 468 பேர் பயாப்ஸி செய்துகொண்டனர். 187 பேருக்குப் புற்றுநோய் இருந்தது. அவற்றில் 55 விழுக்காடு சிகிச்சை தேவைப்படும் வகை. ஆனால் பங்கேற்றவர்கள் அனைவரும் ஐரோப்பிய வம்சாவளியினர். அதே மதிப்பெண் பிற இனத்தவருக்கும் பொருந்தும் என்று கொள்ள இயலாது.

இந்த வரம்பு தெற்காசியர்களுக்கு முக்கியமானது. இங்கிலாந்தின் பதிவுகளைக் கொண்டு 2015இல் வெளியான ஆய்வு, வாழ்நாளில் இந்நோய் கண்டறியப்படும் வாய்ப்பு வெள்ளையருக்கு 8இல் 1, கறுப்பினத்தவருக்கு 4இல் 1, ஆசியருக்கு 13இல் 1 என்று கணக்கிட்டது. இந்நோயால் இறக்கும் வாய்ப்பு முறையே 24இல் 1, 12இல் 1, 44இல் 1. 456 பேரை அழைத்தால் ஓர் இறப்பைத் தவிர்க்கலாம் என்ற ஐரோப்பியக் கணக்கு, நோயே குறைவாக உள்ள மக்களிடம் அப்படியே செல்லாது. அங்கு அழைக்க வேண்டியவர்களின் எண்ணிக்கை கூடும். ஒவ்வொரு தவிர்க்கப்பட்ட இறப்புக்கும் தேவையற்ற எச்சரிக்கைகள் பெருகும். வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகியவற்றின் புற்றுநோய்களுக்கு மட்டுமே இந்திய அரசு மக்கள்தொகை அளவிலான ஸ்கிரீனிங்கை நடத்துகிறது. புரோஸ்டேட் அதில் இல்லை. மேற்கண்ட சான்றுகளை நோக்க, அத்தேர்வுக்கு வலுவான நியாயம் உண்டு. குடும்பத்தில் இந்நோய் உள்ளவர்கள் தனிப்பட்ட முறையில் மருத்துவரை அணுகுவது வேறு கேள்வி.

8. மதிப்பீடு

மூன்று முடிவுகள் போதிய உறுதியோடு நிற்கின்றன. முதலாவது, திரும்பத் திரும்பச் செய்யும் பி.எஸ்.ஏ. ஸ்கிரீனிங் புரோஸ்டேட் புற்றுநோய் இறப்பைக் குறைக்கிறது. அக்குறைப்பு சிறிது, பல்லாண்டு கழித்தே வருவது. இரண்டாவது, தீங்கின் பெரும்பகுதி கண்டறிதலைத் தொடர்ந்த தேவையற்ற சிகிச்சையிலிருந்து வந்தது, எம்.ஆர்.ஐ.யும் கண்காணிப்பும் அதைக் கணிசமாகக் குறைக்கின்றன. மூன்றாவது, திட்டமில்லாத சோதனை நல்ல வழியன்று. கோதன்பர்க் நகரில் 18 ஆண்டுத் தரவை ஒப்பிட்டபோது, ஓர் இறப்பைத் தவிர்க்கக் கூடுதலாகக் கண்டறிய வேண்டியவர்கள் ஒழுங்கமைந்த ஸ்கிரீனிங்கில் 13 பேர், அவரவர் விருப்பப்படி நடந்த சோதனையில் 23 பேர்.

விடை காணாத கேள்வி ஒன்று மையத்தில் இருக்கிறது. இறப்பு குறைந்ததைக் காட்டிய ஆய்வுகள் எம்.ஆர்.ஐ. இல்லாத காலத்தவை, தீங்கு குறைந்ததைக் காட்டிய எம்.ஆர்.ஐ. ஆய்வுகள் இறப்பைக் கணக்கிடும் அளவுக்கு இன்னும் நீளவில்லை. பழைய முறையின் பயனையும் புதிய முறையின் குறைந்த தீங்கையும் ஒன்றாக இணைத்துச் சொல்லும் வாதம் நியாயமான எதிர்பார்ப்பு, நிறுவப்பட்ட முடிவன்று. பிரிட்டனில் தொடங்கியுள்ள டிரான்ஸ்ஃபார்ம் ஆய்வு இவ்விடைவெளியை நிரப்பவே வடிவமைக்கப்பட்டது. அதன் இறப்புக் கணக்கு வர ஆண்டுகள் பல ஆகும். அதுவரை, எம்.ஆர்.ஐ. வசதியும் கண்காணிப்புக்கான மருத்துவ ஒழுங்கும் இல்லாத இடத்தில் பி.எஸ்.ஏ. சோதனையை மட்டும் பரப்புவது, 1990களின் தவறை மீண்டும் செய்வதாகும்.